சாமியைக் கல்லாவுல உக்கார வைக்கிற வித்தை

வா மருமவனே, உக்காரு. கேக்கு கடை போடப் போறியாம்லா? சந்தோசம். கடலைமிட்டாய்க்குப் பேர்போன கோவில்பட்டியில வந்து கேக்கு விக்கதுக்கு ஒரு தைரியம் வேணும். அது உனக்குத் தாய்வழிச் சொத்து. உங்க அம்மை இருக்காளே, என் தங்கச்சி, கண்மாயில சொட்டுத் தண்ணி இல்லாத வருசமாப் பாத்து நீச்சல் படிக்கணும்னு நின்னவ.

அவ நேத்து வந்து ஒரு சேதி சொல்லிட்டுப் போனா. கடைக்கு அடுப்பு இன்னும் வரலை, மாவு வரலை. ஆனா யார் யாருக்குக் கேக்கு கொடுக்கக் கூடாதுன்னு மட்டும் ஒரு நோட்டு முழுக்க எழுதி வச்சிருக்கியாம். சாமிக்கு ஆகாத கல்யாணம், ஆகாத ஆளு, ஆகாத விசேசம்னு தனித்தனியாக் கோடு போட்டு. கேட்டா, "என் கடை, என் சாமி, என் இஷ்டம். அமெரிக்கா சுப்ரீம் கோர்ட்டே சொல்லிட்டு"ன்னு போனைக் காட்டுதியாம். ஏம்ல, வக்கீல் குமாஸ்தாவாவே காலத்தைக் கழிச்ச மாமன் திண்ணையில உக்காந்திருக்கேன், நீ போன்கிட்ட போயி சட்டம் கேக்கியா?

சரி, கோவப்படாத. நான் உனக்கு ஒத்தாசையாத்தான் பேசப்போறேன். வாரவனை விரட்டணும்னு முடிவு பண்ணிட்ட. விரட்டுததை முறையாச் செய்யணுமா இல்லையா? உன் சாமி எந்தச் சாமின்னு மட்டும் நான் வாயைத் திறக்க மாட்டேன். சொன்னா இந்தத் தெருவுல பாதிப் பேரு சிரிப்பான், மீதிப் பேரு கம்பை எடுத்துக்கிட்டு வருவான். எந்தச் சாமியா இருந்தாலும் வித்தை ஒண்ணுதான்.

மொதப் பாடம். "எனக்கு உன்னைப் பிடிக்கலை"ன்னு ஒருநாளும் சொல்லிராத. அது பச்சைப் பிள்ளைத்தனம். "எனக்கு ஒண்ணும் இல்லைங்க, சாமிக்குத்தான் ஆகாது"ன்னு சொல்லு. குறுக்கு விசாரணைக்கு வராத சாட்சியைப் போல பலமான சாட்சி கோர்ட்டுல கிடையாது. சம்மன் அனுப்ப முடியாது, கூண்டுல ஏத்த முடியாது, "போன வாரம் வேற மாதிரிச் சொன்னீரே"ன்னு மடக்க முடியாது. நீ சொல்லுததுதான் அவர் சொன்னது.

இந்த வித்தைக்குப் பெரிய வாத்தியார் ஒருத்தர் இருந்தாரு. மாரிஸ் பெஸ்ஸிங்கர்னு பேரு. தென் கரோலினா மாகாணத்துல கொலம்பியாங்கிற ஊரு. பன்னிக்கறியைத் தணல்ல வாட்டி, கடுகு போட்ட மஞ்சக் குழம்பை ஊத்தி விப்பாரு. கடைக்குப் பிக்கி பார்க்குன்னு பேரு. காரை விட்டு இறங்காமலே உக்காந்த இடத்துல சாப்பிட்டுப் போற மாதிரி ஏற்பாடு. நல்ல வியாபாரம், நாலஞ்சு கிளை. 1964 ஜூலை 2-ஆம் தேதி அங்க ஒரு சட்டத்துல ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டாரு. நிறம், இனம், மதம், பிறந்த தேசம் பாத்து ஓட்டல்லயும் விடுதியிலயும் ஆளை விரட்டக் கூடாதுன்னு. மறுநாளே ஒரு பாதிரியார் சம்சாரம், கறுப்பின அம்மா, காரை ஓட்டிக்கிட்டு அந்தக் கடைக்கு வந்தாக. ஆர்டர் எடுக்க வந்த பிள்ளை முகத்தைப் பாத்ததும் அப்படியே திரும்பிப் போயிட்டு. வழக்கு ஆச்சு.

பெஸ்ஸிங்கர் என்ன சொன்னாருன்னு நினைக்க? "இனம் கலக்கது ஆண்டவன் சித்தத்துக்கு விரோதம். இந்தச் சட்டம் என் மத சுதந்திரத்தைப் பறிக்கு." பாத்தியா, என்ன பணிவு! தனக்குன்னு ஒண்ணும் கேக்கலை. எல்லாம் மேல இருக்கவருக்காக. ஆனா அவர் கடையில ஒரு வழக்கம் உண்டு. கறுப்பு ஆளுக சமையக்கட்டு ஜன்னல்ல நின்னு காசைக் கொடுத்து, பொட்டலமா வாங்கிக்கிட்டுப் போயிரலாம். அங்ஙன இருந்து சாப்பிடத்தான் கூடாது. ஆண்டவன் ஜன்னல் வரைக்கும் சம்மதிச்சிருக்காரு, வாசலுக்குத்தான் சம்மதிக்கலை. துட்டுக்குத் தீட்டில்லைன்னு எல்லாச் சாமியும் ஒத்துக்கிட்டிருக்கது எனக்கு ரொம்பப் பிடிச்ச விசயம்.

1968-ல சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்து தோத்தாரு. தோத்தது பெரிசில்லை. அவர் சொன்ன சாமி வாதத்தை, வாதம்னு எடுத்துக்கிடவே லாயக்கில்லைன்னு ஒரு அடிக்குறிப்புல தள்ளிட்டாக. மேல பெரிய எழுத்துல என்ன தீர்ப்புன்னா, ஜெயிச்சவக வக்கீல் பீஸை யார் கட்டணும்கிறது! சாமி அடிக்குறிப்புல, வக்கீல் பீஸு தலைப்புல. குமாஸ்தாவுக்கு இதைவிடக் குளிர்ச்சியான தீர்ப்பு இருக்கா?

"அடுத்த கடைக்குப் போக வேண்டியதுதானே மாமா, ஊர்ல ஒரு கடையா இருக்கு?"ன்னு கேப்ப. நல்ல கேள்வி. நியூயார்க்குல விக்டர் கிரீன்னு ஒரு தபால்காரர் இருந்தாரு. கறுப்பின ஆளு. 1936-ல ஒரு சின்னப் புஸ்தகம் போட்டாரு. கறுப்பு ஆளுக காரை எடுத்துக்கிட்டு வெளியூர் போனா எந்த ஊர்ல எந்த வீட்டுல தங்கலாம், எங்க சோறு கிடைக்கும்னு விலாசம் விலாசமாப் போட்ட புஸ்தகம். முப்பது வருசம் அது அச்சுல இருந்துச்சு. அடுத்த கடைங்கிறது எங்ஙன இருக்குன்னு தெரிஞ்சுக்க ஒரு புஸ்தகம் வேண்டியிருந்திருக்கு மருமவனே. ஏன்னா அடுத்த கடைக்காரருக்கும் அதே சாமி.

அந்தக் காலத்துல பர்மிங்காம்ல ஆலின்னு ஒரு கறிக்கடையும் கேஸ்ல மாட்டுச்சு. அவுகளை எப்படிப் பிடிச்சாகன்னு கேளு, சிரிப்பு வரும். தனியார் கடையை அரசியல் சட்டத்தோட சமத்துவப் பிரிவு தொடாதுன்னு 1883-லேயே அந்தக் கோர்ட்டு சொல்லித் தொலைச்சிருச்சு. அதனால மத்திய சர்க்காரு சுத்தி வளைச்சு வந்துச்சு. மாகாணம் விட்டு மாகாணம் போற வியாபாரத்தை ஒழுங்கு பண்ண அதுக்கு அதிகாரம் உண்டு. ஆலி கடைக்கு வருசத்துக்குக் கிட்டத்தட்ட 70,000 டாலருக்குக் கறி வெளி மாகாணத்துல இருந்து வந்திருக்கு. போதும், மாட்டிக்கிட்டாக. மனுசனை மனுசனா நடத்துங்கிறதுக்கு அங்க கறி வந்த வழியைத் தேட வேண்டியிருந்துச்சு.

நம்ம ஆளுக அந்தச் சுத்துவழிக்குப் போகலை. அரசியல் சட்டத்துல 15-ஆவது பிரிவு, ரெண்டாவது உட்பிரிவு. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் இதுகளைச் சொல்லி ஒரு குடிமகனைக் கடைக்கோ, ஓட்டலுக்கோ, தங்கும் விடுதிக்கோ, பொழுதுபோக்கு இடத்துக்கோ வரவிடாமப் பண்ணக் கூடாது. நேராக் கடைன்னே எழுதி வச்சிருக்கு. எழுதும்போது, 1948 நவம்பர்ல, அரசியல் நிர்ணய சபையில ஒருத்தர் எந்திரிச்சு, சலவைக்கடை, முடிவெட்டுத கடையெல்லாம் இதுல சேருமான்னு கேட்டாரு. அம்பேத்கர், யார் வந்து கேட்டாலும் வேலை செஞ்சு கொடுக்கத் தயார்னு உக்காந்திருக்கவன் இடமெல்லாம் கடைதான்னு விளக்கம் சொன்னாரு. உன் கேக்கு கடை அப்பவே உள்ள வந்துட்டு. நீ பிறக்கதுக்கு முன்ன உன்னைப் பிடிச்சுப் போட்டிருக்காக.

"25-ஆவது பிரிவுல மத சுதந்திரம் இருக்குல்லா"ன்னு சொல்லுவ. இருக்கு. ஆனா நீ போன்ல ரெண்டாவது வரியில இருந்து படிச்சிருக்க. மொத வரியை வாசி. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம், இந்தப் பாகத்துல இருக்க மத்தப் பிரிவுகள், இதுக்கெல்லாம் அடங்குனாத்தான் சுதந்திரம்னு எடுத்ததும் மூக்கணாங்கயித்தைப் போட்டுட்டுத்தான் விட்டிருக்காக. மத்தப் பிரிவுன்னா அந்தப் 15-உம் சேத்திதான். அமெரிக்காக்காரன் சட்டத்துல இப்படி ஒரு கயிறு எழுத்துல கிடையாது. அதனாலதான் அங்க ஒவ்வொரு கேக்குக்கும் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் ஓட வேண்டியிருக்கு.

நம்ம சாமர்த்தியம் மட்டும் லேசா? சட்டம் வந்த பொறவும், டீக்கடைக்குள்ள வராதேன்னு யாரும் சொல்லலை. வா, தாராளமா வான்னாக. டம்ளரை மட்டும் தனியா வச்சுக்கிட்டாக. ஒரு சாதிக்கு பித்தளை, ஒரு சாதிக்கு கண்ணாடி. கொட்டாங்கச்சியும் இருந்துச்சு. 1955-ல வந்த தீண்டாமைச் சட்டம் கடை, ஓட்டலோட நிக்காம பாத்திரம் பண்டத்தையும் பேர் சொல்லிச் சேத்துச்சு. எழுதுனவக நம்ம டீக்கடையில உக்காந்து எழுதியிருக்கணும். அதுக்கும் ஒரு மருந்து கண்டுபிடிச்சோம், எல்லாருக்கும் பேப்பர் கப்புன்னு. சில ஊர்ல பேப்பர் கப்பு சுகாதாரத்துக்காக வந்துச்சுன்னு சொல்லுதவனை நம்பாத.

மெட்ராஸ்ல 1957-ல திருவல்லிக்கேணி முரளி கபே வாசல்ல பெரியார் ஆளுக மாசக்கணக்கா மறியல் பண்ணுனாக. போர்டுல இருக்க "பிராமணாள்"ங்கிற பேரை எடுன்னு. எத்தனையோ பேரு தினமும் போயிக் கைதானாக. கடைசியில பேரு போச்சு. உள்ள போயி யாரு வேணா இட்லி சாப்பிடலாமே, போர்டுல என்ன இருந்தா என்னன்னு அன்னைக்கும் கேட்டவன் உண்டு. போர்டு வாசிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் அது வலிக்கும்.

இப்ப உன் போன்ல வந்த ஆளுக்கு வாரேன். கொலராடோ மாகாணம், லேக்வுட்டுங்கிற ஊரு. ஜாக் பிலிப்ஸ்னு ஒரு கேக்குக்காரர். 2012 ஜூலையில ரெண்டு ஆம்பிளையாளுக, கல்யாணம் கட்டிக்கிடப் போறவக, ஒருத்தரோட தாயாரையும் கூட்டிக்கிட்டு வந்து, கல்யாண கேக்கு வேணும்னாக. இவர், பிறந்தநாள் கேக்கு கேளுங்க, பிஸ்கட்டு கேளுங்க, தாரேன். ஆம்பிளைக்கு ஆம்பிளை கல்யாணத்துக்குப் பண்ண மாட்டேன், என் விசுவாசத்துக்கு ஒவ்வாதுன்னுட்டாரு. கேக்கு எப்படி இருக்கணும், என்ன எழுதணும்னு பேச்சு ஆரம்பிக்கவே இல்லை. அதுக்குள்ள பேச்சு முடிஞ்சு எந்திரிச்சுப் போயிட்டாக. இதுல வேடிக்கை என்னன்னா, அப்ப அந்தக் கொலராடோ சர்க்காரே அந்தக் கல்யாணத்தை ஒத்துக்கிடலை. மாசசூசெட்ஸ் போயித் தாலி கட்டிட்டு, இங்க வந்து விருந்து வைக்கதா அவுக திட்டம். சர்க்காரு பதிவு பண்ணாத கல்யாணத்துக்கு நீ கேக்கு போட்டே தீரணும்னு அதே சர்க்காரோட சிவில் உரிமைக் கமிஷன் உத்தரவு போட்டுச்சு.

அந்த ஆளைப் பத்தி நான் ஒண்ணு சொல்லணும். உன்னை மாதிரி இல்லை. பேய்த் திருநாளுக்கு கேக்கு கேட்டா மாட்டாராம், சாராயம் ஊத்துன கேக்கு மாட்டாராம். நல்ல துட்டு வார சோலிகளை விட்டிருக்காரு. கமிஷன் உத்தரவு வந்ததும் கல்யாண கேக்கே யாருக்கும் போடலைன்னு நிறுத்திட்டாரு. வியாபாரத்துல நூத்துக்கு 40 போச்சுன்னு அவரே சொன்னாரு. நட்டத்துக்கு நிக்க பக்தியை நான் கேலி பண்ண மாட்டேன். எதிர்த்தரப்புல ஒரு அம்மா, "நாய்க் கல்யாணத்துக்கு கேக்கு கேட்டு போன் பண்ணினேன், சரின்னாக"ன்னு அபிடவிட்டு போட்டிருந்தாக. அதைப் படிச்சிட்டு எங்க வக்கீல் ஐயா வெத்தலையைத் துப்பிட்டுச் சிரிச்சாரு. அது வேற கதை.

2018 ஜூன்ல ஏழுக்கு ரெண்டுன்னு அவர் பக்கம் தீர்ப்பு. உன் போன் அதோட நிறுத்தியிருக்கும். ஏன் ஜெயிச்சாருன்னு படிச்சியா? சாமி பேரைச் சொன்னா யாரை வேணா விரட்டலாம்னு கோர்ட்டு சொல்லலை. அந்தக் கமிஷன்ல இருந்த ஒருத்தர், மத சுதந்திரத்தைச் சொல்லித்தான் அடிமை முறையையும் யூதப் படுகொலையையும் நியாயப்படுத்துனாகன்னு, விசாரணை நடக்கும்போதே ஏசியிருக்காரு. நீதி சொல்லுத நாக்காலியில இருந்துக்கிட்டுப் பிரதிவாதி நம்பிக்கையை இப்படி ஏசலாமா? போதாக்குறைக்கு, இன்னொரு ஆளு மூணு கேக்கு கடைக்குப் போயி, ஓரினக் கல்யாணத்தைக் கண்டிச்சு பைபிள் வசனம் எழுதிக் கேட்டிருக்காரு. மூணு கடையும் முடியாதுன்னுச்சு. அது தப்பில்லைன்னு கமிஷன் சொல்லிட்டு. ஒரு கண்ணுல வெண்ணெய்யா இருக்கேன்னு நீதிபதி கென்னடிக்குப் பட்டிருக்கு. நடுநிலை தவறிட்டீகன்னு உத்தரவை அடிச்சுட்டாரு. நடுவன் வாயை அடக்காததால ஜெயிச்ச கேஸு அது. அதை நம்பி நீ கடை போடுத. நம்ம ஊரு தாசில்தார் ஒருத்தர் வாயை விட்டாத்தான் உனக்கு அந்த அதிர்ஷ்டம் வரும்.

இன்னொரு கேக்கு கேஸு இருக்கு, பெல்ஃபாஸ்ட்ல. இது எனக்குப் பிடிச்சது. 2014-ல ஒருத்தர் ஆஷர்ஸ்ங்கிற கடைக்குப் போயி, ஓரினக் கல்யாணத்தை ஆதரிப்போம்னு வாசகம் எழுதி ஒரு கேக்கு கேட்டாரு. 36 பவுன் 50 பென்ஸ். துட்டை வாங்கிட்டு சில நாளு கழிச்சு முடியாதுன்னு திருப்பிக் கொடுத்துட்டாக. கீழ்க் கோர்ட்டுல கடைக்காரர் தோத்து 500 பவுன் நஷ்ட ஈடு. நாலு வருசம் நடந்து 2018 அக்டோபர்ல லண்டன் சுப்ரீம் கோர்ட்டுல அஞ்சு நீதிபதியும் ஒருமிச்சு கடைக்காரர் பக்கம். ஏன்? அந்த வாசகத்தை யார் வந்து கேட்டிருந்தாலும், ஏழு பிள்ளை பெத்த சம்சாரி வந்து கேட்டிருந்தாலும், அவுக எழுதியிருக்க மாட்டாக. அவுக மறுத்தது வாசகத்தை, ஆளை இல்லை. அதே கோர்ட்டுல 2013-ல கார்ன்வால் பக்கம் ஒரு விடுதிக்காரத் தம்பதி தோத்தாக. கல்யாணம் ஆனவுகளுக்குத்தான் ரெட்டைக் கட்டில் அறைன்னு, பதிவு பண்ணிச் சேர்ந்து வாழுத ரெண்டு ஆம்பிளைகளை விரட்டுனவக. கட்டில் யாருக்கும் வாசகம் சொல்லலை பாரு. கட்டிலு சும்மா கட்டிலு.

நீ இதைப் பிடிச்சுக்கிடணும்டே. என் கையால இந்த வார்த்தையை எழுத மாட்டேன்னு நீ சொல்லலாம். அதை எல்லாருக்கும் சொல்லணும். அலமாரியில இருக்க மஞ்சக் கேக்கை இன்னாருக்குத் தர மாட்டேன்னு சொல்லக் கூடாது. கோடு இவ்வளவுதான்.

கோடு இருந்தா அதை நீட்டுதவன் வராம இருப்பானா? திரும்பவும் கொலராடோ. ஒரு பொம்பளைப்பிள்ளை, கல்யாண வெப்சைட்டு பண்ணப் போறவக. இன்னும் ஒண்ணுகூட பண்ணலை, யாரும் வந்து வம்பு பண்ணலை. ஆனாலும் நாளைக்கு யாரும் வந்து ஓரினக் கல்யாணத்துக்குக் கேட்டா என்ன செய்யன்னு 2016-லேயே கேஸு போட்டாக. நடுவுல, ஒருத்தர் கேட்டு மெயில் அனுப்புனதா ஒரு காகிதம் கட்டுல சேந்துச்சு. பத்திரிகைக்காரவுக அந்த ஆளைத் தேடிப் பிடிச்சுக் கேட்டா, "நான் எதுவும் அனுப்பலையே, எனக்குக் கல்யாணம் ஆகிப் பொண்டாட்டி இருக்காளே"ன்னு அவர் முழிக்காரு. வராத வாடிக்கையாளுக்கு, செய்யாத வேலையை, மறுக்கதுக்கு உரிமை உண்டான்னு ஒரு வழக்கு! 2023 ஜூன்ல ஆறுக்கு மூணுன்னு ஜெயிச்சாக. சாமி பேரால இல்லை, பேச்சுச் சுதந்திரத்தால. வெப்சைட்டு எழுதுதது கலை, படைப்பு. மனசுக்கு விரோதமா ஒருத்தரைப் பேசச் சொல்லக் கூடாதுன்னு தீர்ப்பு.

நியாயம்தான். ஆனா இனிமே உலகத்துல எல்லாருமே கலைஞன்தான், அதைப் பாத்துக்கோ. பரோட்டா வீசுதவன் கலைஞன். விருதுநகர்ல எண்ணெய்ப் பரோட்டா போடுதவனைக் கலைஞன் இல்லைன்னு எந்த நீதிபதி சொல்லுவாரு, சாப்பிட்டுப் பாத்தபிறகு? முடிவெட்டுதவன் கலைஞன், சட்டை தைக்கவன் கலைஞன், பந்தல் போடுதவன் பெருங்கலைஞன். கூட்டிப் பெருக்குதவ மட்டும் கலைஞர் இல்லையாக்கும். அவ யாரையும் மறுக்கவும் மாட்டா. கலைன்னு ஒரு சீட்டு ஒட்டிட்டா எந்த வாசலையும் அடைக்கலாம்னா, மாவு பிசையுத மேசைக்கு மேல ஒரு சீட்டு ஒட்டத் தெரியாதா நமக்கு?

சரி, உன் நோட்டுக்கு வா. உங்க அம்மை எடுத்துக்கிட்டு வந்து காட்டிட்டா, மறைக்காத. சாதி மாறிக் காதல் கட்டுனா கேக்கு இல்லை. மதம் மாறிக் கட்டுனா இல்லை. திருநங்கை பிறந்தநாள்னு வந்தா இல்லை. நல்லா இருக்கு. மூணாவது பக்கம் வரைக்கும் தேடுனேன், நூறு பவுன் வரதட்சணை வாங்குன கல்யாணத்துக்கு இல்லைன்னு எழுதக் காணோம். கந்துவட்டிக்கு விட்டு ஆளைத் தூக்குல ஏத்துனவன் வீட்டுப் பேரன் பிறந்தநாளு? பச்சைக்கொடி போல. ரெண்டாவது சம்சாரத்தை மறைச்சு வச்சிருக்க பெரிய மனுசன் மணிவிழா? மூணடுக்கு கேக்கா இருக்கும். உன் சாமி எல்லா வேதத்துலயும் வட்டியையும் பேராசையையும் திட்டித் தீர்த்தவருல்லா? உன் நோட்டுல மட்டும் துட்டு கொடுக்குதவன் விசயத்துல வாயே திறக்க மாட்டேங்காரு. பிலிப்ஸ் சாராயக் கேக்கை விட்டாரு. நீ எதை விட்டிருக்கன்னு ஒரு வரி காட்டு, நான் இந்தப் பேச்சை நிறுத்திக்கிடுதேன்.

திருநங்கை வரிக்கு மட்டும் உடனே பேனாவை எடுத்துக் கோடு போட்டுரு. 2019-ல அதுக்குன்னே தனிச் சட்டம் வந்திருக்கு. பொதுமக்களுக்குக் கொடுக்குத சரக்கையோ சேவையையோ அவுகளுக்கு மறுக்கக் கூடாதுன்னு அதுல இருக்கு. சாதி வரிக்கு 1955 சட்டமும் 1989 வன்கொடுமைச் சட்டமும் வரும். பட்டியல் சாதிப் பிள்ளை கட்டுன கல்யாணம்னு மறுத்தேன்னா, என் பழைய ஐயாகிட்ட ஜாமீனுக்கு நானே வந்து நிக்கணும். மத வரிதான் கொஞ்சம் சிக்கல். 15-ஆவது பிரிவு கூடாதுன்னுது. ஆனா மீறுனவனுக்கு இத்தனை மாசம் உள்ளன்னு அதுக்குன்னு ஒரு சட்டம் நேராக் கிடையாது. இதை உன்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது, வாய் தவறி வந்துட்டு. உடனே துள்ளாத. 2020 மே மாசம், கொரோனா ஊரடங்குல, மெட்ராஸ்ல தியாகராய நகர் பக்கம் ஒரு பேக்கரி, எங்க பலகாரம் சமணர்கள் செஞ்சது, கடையில முஸ்லிம் வேலையாளு இல்லைன்னு வாட்சப்புல விளம்பரம் விட்டுச்சு. போலீஸ் வந்து முதலாளியைப் பிடிச்சுக்கிட்டுப் போச்சு. ஜனங்க போன் பண்ணிக் கேட்டாக, அதான் போட்டோம்னு சொன்னதாப் பேப்பர்ல வந்துச்சு. பாத்தியா, இங்க சாமியைக்கூடக் கூப்பிடலை. வாடிக்கையாளரு மேல போட்டாச்சு. உலகத்துல எந்தக் கடைக்காரரும் தனக்காக ஒருத்தரையும் வெறுத்ததே கிடையாது, எல்லாம் அடுத்தவருக்காகத்தான்.

இன்னொரு கணக்கையும் பாத்துருவோம். நீ உன் சாமி பேரால மறுக்கலாம்னா, அந்த உரிமை உனக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்ததா? உனக்கு முட்டை நாமக்கல்ல இருந்து வரணும். லாரிக்காரர் சாமி வேற. மைதா கொடுக்குத மொத்த வியாபாரி சாமி வேற. அடுப்புக்கு கரண்டு கனெக்ஷன் போட வார எலக்ட்ரீசியன் தம்பி, அவன் சாமியே கும்பிட மாட்டான், அவனுக்கும் ஒரு கொள்கை இருக்கும்லா. உன் நெத்தியைப் பாத்துட்டு, "அண்ணாச்சி, உங்க சாமிக்கு ஒயரிங் பண்ணதுக்கு எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கலை"ன்னு பையைத் தூக்கிட்டுப் போனான்னா, இருட்டுல உக்காந்து கேக்கு போடு. இந்தத் தெருவுல உன் ஆளுக அதிகம். ரெண்டு தெரு தள்ளுனா நீ கைவிரல் எண்ணிக்கை. ஒசூரு, மும்பைன்னு வேலை தேடிப் போனப்ப வீடு கொடுக்க மாட்டேன்னு உன்னை எத்தனை வாசல்ல இருந்து திருப்பி அனுப்புனாகன்னு உங்க அம்மைகிட்ட நீ அழுத அழுகை எனக்குத் தெரியும். அவுகளுக்கும் ஒரு சாமி இருந்துச்சு மருமவனே. வாடகை வீடு கடையில்லை, அதனால 15-ஆவது பிரிவு கண்ணுல படாமத் தப்பிச்சுக்கிட்டாக.

மூஞ்சியைத் தொங்கப் போடாத. அந்த போர்டு விசயம் என்ன ஆச்சு? "உள்ளே அனுமதிக்கும் உரிமை நிர்வாகத்துக்கே உரியது"ன்னு எழுதச் சொல்லியிருக்கியாமே. எழுதிக்கோ, அழகாத்தான் இருக்கும். எல்லா ஓட்டல்லயும் தொங்குது. குடிச்சிட்டு வந்து மேசையைத் தட்டுதவனை விரட்டலாம், கடன் பாக்கி வச்சவனை விரட்டலாம், கேக்குக்குள்ள விரலை விட்டுப் பாக்கவனைக் கட்டாயம் விரட்டணும். சாதியையும் மதத்தையும் சொல்லி விரட்டுதவனுக்கு அந்த போர்டு ஒரு ஆணி செலவுதான், கோர்ட்டுல அரைத் துட்டுக்கு ஆகாது. அதுக்குப் பக்கத்துல விலைப்பட்டியல் போடு. கடை சின்னதா இருந்தாலும் விலை எல்லாருக்கும் ஒண்ணா எழுதியிருக்கும்போது வாரவனுக்கு ஒரு தெம்பு.

ஒரு காரியத்துக்கு மட்டும் நான் உன் பக்கம். எவனாவது வந்து, இன்னொருத்தன் சாமியையோ சாதியையோ கேவலப்படுத்தி கேக்குல எழுதுன்னான்னா, எழுதாத. எவ்வளவு துட்டு கொடுத்தாலும் எழுதாத. கோர்ட்டுக்குப் போனா நான் வாரேன், கட்டு தூக்குததுக்கு. உன் சாமியைப் புகழ்ந்து எழுதச் சொன்னாலும் அடுத்த சாமியைத் திட்டுத மாதிரி இருந்தா எழுதாத. அந்த ரெண்டாவதுதான் கஷ்டம் உனக்கு.

உணவுப் பாதுகாப்பு லைசென்சு பாரத்தை எடு, பாப்போம். பேரு, விலாசம், தண்ணி எங்க இருந்து, முட்டை போடுதியா இல்லையா, வேலையாளு எத்தனை. எல்லாம் சரியா எழுதியிருக்க. சாமிக்குன்னு கட்டம் ஒண்ணும் விடலை, நான் ரெண்டு தடவை புரட்டிப் பாத்துட்டேன். இங்ஙன பாரு, பின்பக்கம் கையெழுத்துப் போட மறந்திருக்க. போட்டோ மேலயும் ஒண்ணு போடு. போட்டு முடிச்சுட்டு முக்குக் கடையில ரெண்டு டீ சொல்லு, எனக்குச் சீனி பாதி.